பன்னிரண்டு பேரில் ஒருத்தி

ஜூன் பிறந்தால் கட்-ஆஃப், கலந்தாய்வு, விண்ணப்பம் என்று வீட்டுக்கு வீடு இதே பேச்சுதான். அதே நாட்களில் சென்னையில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய கல்லூரிகளில் இன்னொரு தேர்வு, யார் கண்ணிலும் அவ்வளவாகப் படாமல் நடந்து முடிந்துவிடும். பிளஸ் டூ முடித்த பெண்கள், தோளில் கிட் பையும் கையில் சான்றிதழ் ஃபைலுமாக, காலை ஏழு மணிக்கெல்லாம் அப்பாவோடோ அம்மாவோடோ கோர்ட் ஓரத்தில் வந்து நிற்பார்கள். சிலர் முதல் நாள் இரவு பஸ் ஏறி, கிளாம்பாக்கத்தில் இறங்கி, முகம் கழுவிக்கொண்டு நேரே வந்தவர்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டா செலக்‌ஷன். ஓட்டம், லே-அப், கொஞ்சம் ஷூட்டிங், கடைசியில் ஐந்துக்கு ஐந்து ஆட்டம். ஓரிரு மணி நேரத்தில் பயிற்சியாளர் மனதுக்குள் பட்டியல் போட்டுவிடுவார். அதில் இருப்பவர்கள்தான் இந்த ஆண்டு மகளிர் கூடைப்பந்து அணியின் புதுமுகங்கள்.

அமெரிக்காவில் கல்லூரி சீசன் நவம்பரில் தொடங்கும். அதற்கு வெகு முன்பே எந்த அணிக்கு யார் புதிதாக வருகிறார்கள், என்ன உயரம், பள்ளியில் எத்தனை புள்ளி, எந்த இடத்தில் ஆடுவாள் என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளும். எழுதினால் படிக்க ஆளிருக்கிறது. 2024 ஏப்ரலில் சவுத் கரோலினாவும் அயோவாவும் மோதிய மகளிர் இறுதி ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் ஒரு கோடியே 80 லட்சத்துக்கும் மேல். அந்த ஆண்டின் ஆண்கள் இறுதி ஆட்டத்தைவிட அதிகம். நம் ஊரில் கல்லூரி மகளிர் அணி கோப்பை வாங்கினால் உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரியும் ஒரு குரூப் போட்டோவும் வரும். சீசனுக்கு முன்னால் யாரும் எதுவும் எழுதுவதில்லை. எழுதித்தான் பார்ப்போமே என்று இறங்கியதுதான் இந்தக் கட்டுரை.

பெயர் சொல்லப் போவதில்லை. பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள். கல்லூரிக்காக இன்னும் ஓர் ஆட்டம்கூட ஆடாதவர்கள். அவர்கள் தலையில் நாம் ஏன் பாரத்தை ஏற்ற வேண்டும்? ஆனால் எந்த மாதிரிப் புதுமுகம் எப்போது கைகொடுப்பாள், எவளுக்கு அவகாசம் தேவை என்று சொல்ல முடியும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம்: பள்ளியில் அதிகப் புள்ளி எடுத்துப் பெயர் வாங்கி வந்தவள்தான், கல்லூரியின் முதல் நாலு மாதம் பெஞ்சில் அதிகம் உட்கார்ந்திருப்பாள். பயிற்சியாளர்களுக்கு இது தெரியும். பெற்றவர்களுக்குத்தான் தெரியாது.

பல்லாவரத்தை நடுவில் வைத்துத் தெற்கே ஒரு வட்டம் போட்டால், தமிழ்நாட்டில் இவ்வளவு நெருக்கமாகக் கல்லூரி அணிகள் வேறெங்கும் இருக்குமா என்பது சந்தேகமே. பல்லாவரம் வேலன் நகரில் வேல்ஸ் பல்கலைக்கழகம். குரோம்பேட்டையில் எஸ்.டி.என்.பி. வைணவ மகளிர் கல்லூரி. அதே ஊரில் 1949-ல் தொடங்கிய எம்.ஐ.டி. சேலையூரில் பாரத். தாம்பரத்தில், 1937-ல் நகரத்துக்குள்ளிருந்து காட்டுக்கு நடுவே குடிவந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி. இன்னும் தெற்கே வண்டலூரில் கிரசென்ட், காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். கிழக்கே ஓ.எம்.ஆர். பக்கம் போனால் சோழிங்கநல்லூரில் சத்யபாமா, படூரில் இந்துஸ்தான். வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில், மேலக்கோட்டையூரில், விளையாட்டுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம்.

இதில் எங்கே சேர்கிறாள் என்பதிலேயே ஒரு புதுமுகத்தின் முதல் ஆண்டு பாதி முடிவாகிவிடுகிறது. காரணம் ஆட்டத்தில் இல்லை, நிர்வாக அமைப்பில் இருக்கிறது. வேல்ஸ், எஸ்.ஆர்.எம்., சத்யபாமா, இந்துஸ்தான் எல்லாம் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். அங்கே கல்லூரி அணி என்றாலும் பல்கலைக்கழக அணி என்றாலும் ஒன்றுதான். பன்னிரண்டு பேர் பட்டியலில் பெயர் வந்துவிட்டால், அந்தப் பெண் நேரே தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டிக்குப் பெட்டி கட்டலாம். வைணவக் கல்லூரியிலோ கிறித்தவக் கல்லூரியிலோ சேர்ந்தவளுக்கு நடுவில் இன்னொரு படி இருக்கிறது. அவை சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகள். முதலில் தன் கல்லூரிக்காகக் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் ஆட வேண்டும். அங்கே தேர்வாளர்கள் கண்ணில் பட வேண்டும். பிறகு நகரத்தின் மற்ற பெண்கள் கல்லூரிகளிலிருந்து வந்தவர்களோடு முட்டி மோதிப் பல்கலைக்கழகத்தின் பன்னிரண்டு பேரில் ஒருத்தியாக வேண்டும்.

கேட்டால் முதல் வழிதான் சுலபம் என்று தோன்றும். பலர் அப்படி நினைத்துத்தான் சேர்கிறார்கள். ஆனால் அந்தப் பன்னிரண்டு பேருக்குள் கடும் போட்டி. மாநில அணிக்கு ஆடியவர்கள், முதுகலை படிக்கும் சீனியர்கள் என்று முன்னால் பெரிய வரிசையே நிற்கும். பட்டியலில் பெயர் இருக்கும், போட்டோவில் முகம் இருக்கும், ஆட்ட நேரம் மட்டும் இருக்காது. இணைப்புக் கல்லூரியில் சேர்ந்த சுமாரான ஆட்டக்காரிக்கு முதல் ஆண்டிலேயே முழு ஆட்டம் ஆடக் கிடைக்கும். ஆடாமல் யாரும் தேறியதில்லை. என்னைக் கேட்டால், பள்ளியில் மாவட்ட அளவைத் தாண்டாத பெண்ணுக்கு இரண்டாவது வழியே நல்லது.

கோட்டாவில் கிடைக்கும் கட்டணச் சலுகையும் விடுதிச் சாப்பாடும் இந்த யோசனையை எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும் என்பது வேறு விஷயம். கூலி வேலைக்குப் போகும் அப்பாவிடம் ஆட்ட நேரம் பற்றிப் பேசி என்ன பயன்?

சரி, எதை நோக்கி ஆடுகிறார்கள்? இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நாட்டை நான்கு மண்டலமாகப் பிரித்துப் போட்டி நடத்துகிறது. ஒவ்வொரு மண்டலத்திலும் முதல் நான்கு இடத்துக்கு வரும் அணிகள் அகில இந்தியப் போட்டிக்குப் போகும். அதில் முதல் எட்டு அணிகளுக்கு, 2020-ல் புவனேஸ்வரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிக்கு அழைப்பு வரும். தென்மண்டலம் என்றால் தமிழ்நாட்டோடு கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா. மகளிர் கூடைப்பந்தில் கேரளத்துப் பல்கலைக்கழகங்கள் எவ்வளவு பலம் என்பது இந்த ஆட்டத்தைத் தொடர்கிறவர்களுக்குத் தெரியும். நாலு இடத்துக்குள் வருவது அத்தனை லேசல்ல.

நாட்காட்டியைப் பார்த்தால் இன்னும் வயிற்றைக் கலக்கும். ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ வகுப்பு தொடங்கும். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள் வழக்கமாக ஆகஸ்ட், செப்டம்பரில். தென்மண்டலம் ஆண்டுக் கடைசியை ஒட்டி வரும். புது அணி, புதுத் தோழிகள், புதுப் பயிற்சியாளர், எல்லாவற்றையும் பழகிக்கொள்ள முதல் போட்டிக்கு முன் ஒரு மாதம், மிஞ்சிப்போனால் ஒன்றரை மாதம். அதற்குள் அகமதிப்பீட்டுத் தேர்வும் உண்டு.

அப்புறம் மழை. இந்தப் பகுதியின் கல்லூரி கோர்ட்டுகளில் பலவும் மேலே கூரை இல்லாத சிமென்ட் தளம். ஆகஸ்ட், செப்டம்பரில் சாயங்காலம் சரியாகப் பயிற்சி நேரம் பார்த்து இடி மழை கொட்டும். விட்டதும் வைப்பரால் தண்ணீரைத் தள்ளிவிட்டு, இலைகளைப் பொறுக்கிவிட்டு ஆடலாம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் அதுவும் நடக்காது. 2015 டிசம்பரையும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரையும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்துக்காரர்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். தெருவில் படகு விட்ட வாரத்தில் கோர்ட்டைப் பற்றி யார் நினைப்பார்கள்? தென்மண்டலத்துக்குத் தயாராக வேண்டிய அந்த எட்டு வாரத்தைத்தான் மழை தின்றுவிடுகிறது. உள்ளரங்கு வைத்திருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இல்லாத கல்லூரிக்கும் டிசம்பரில் தெரியும் வித்தியாசத்தில் பாதி இதனால் வருவதுதான். இதைத் திறமைக் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

இனி கோர்ட்டுக்குள் போவோம். பல்லாவரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஜூலை மாதக் காலைப் பயிற்சி. ஐந்தடி எட்டங்குலம் இருக்கும் புதுப் பெண் ஒருத்தி, பள்ளியில் சென்டர் ஆடியவள். போர்டில் பட்டுத் திரும்பிய பந்தை எல்லோருக்கும் மேலே எம்பிப் பிடிக்கிறாள். பிடித்த பந்தை இடுப்பு வரை கீழே இறக்கி, ஒரு முறை தரையில் தட்டி, மறுபடி எம்பப் பார்க்கிறாள். தட்டிய இடத்திலேயே பந்து போய்விடுகிறது. அவளைவிட ஒரு தலை குட்டையான இரண்டாமாண்டு கார்டு அதை எடுத்துக்கொண்டு பாதி கோர்ட்டைத் தாண்டிவிட்டாள். மறுபடியும் அப்படியே. அதற்கடுத்த முறையும்.

"பந்தைக் கீழ இறக்காதம்மா! எத்தன தடவ சொல்றது?" என்று பயிற்சியாளர் கத்துகிறார். பம்மல் பக்கமிருந்து தாழப் பறந்து போன விமானத்தின் சத்தத்தில் பாதிதான் கேட்கிறது.

"ஸ்கூல்ல யாரும் எடுக்க மாட்டாங்க மேம்."

"அங்க உன் உயரத்துக்கு யாரும் இல்ல. இங்க உன்னவிடக் குட்டையா இருக்கறவதான் உனக்கு ஆபத்து."

குட்டைக்காரி மூச்சு வாங்கிக்கொண்டே சிரிக்கிறாள். "தாடைக்குக் கீழ வந்தா அது என் பந்து, தெரிஞ்சுக்க."

"சரிக்கா."

அந்த ஒரு பழக்கத்தை மாற்ற எத்தனை நாளாகும்? கேட்டால் தீபாவளி வரை என்கிறார்கள். கேட்கச் சின்ன விஷயமாக இருக்கும். ஆனால் பள்ளியில் ஆறு வருடம் அவளுக்குப் புள்ளி வாங்கிக் கொடுத்ததே அந்தப் பழக்கம்தான். இறக்கி, தட்டி, காலை ஊன்றி, நிதானமாக எம்புவாள், தடுக்க ஆளில்லை. இங்கே பந்தைப் பிடித்த உயரத்திலேயே வைத்திருந்து, முழங்கையை விரித்து, முதுகால் எதிரியை மறித்து, அப்படியே மறுபடி எம்ப வேண்டும். உடம்பு அதை நினைவு வைத்துக்கொள்ளும் வரை, அவள் ஆட வரும் ஒவ்வொரு நிமிடமும் எதிரணிக்கு லாபம். பயிற்சியாளர் பெஞ்சில் உட்கார வைப்பதில் தப்பே இல்லை.

இன்னொரு சிக்கல், அவள் இனிமேல் சென்டரே இல்லை. ஐந்தடி எட்டங்குலம் என்பது மாவட்டப் பள்ளிப் போட்டியில் மலை மாதிரி. தென்மண்டலத்தில் அது நடுத்தரம். கோட்டயத்துக்காரரான கீது அன்னா ஜோஸ், சென்னையில் தெற்கு ரயில்வேக்கு ஆடியவர், ஆறடி இரண்டங்குலம், அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளே 2011-ல் அவரைத் தேர்வு முகாமுக்கு அழைத்துப் பார்த்தன. அப்படிப்பட்டவர்கள் கூடைக்கடியில் நிற்கும் ஆட்டத்தில், நம் புதுப் பெண் வெளியே விங்குக்கு நகர வேண்டும். வெளியே என்றால் 6.75 மீட்டர் தூரத்து மூன்று புள்ளிக் கோட்டுப் பக்கம். அங்கிருந்து கூடைக்கு முகம் காட்டி ஆடிய அனுபவமே அவளுக்கு இல்லை. இத்தனை நாள் முதுகைக் காட்டித்தானே ஆடினாள்? டிரிப்ளிங் பழக வேண்டும், தூர ஷாட் பழக வேண்டும், தன்னைவிட வேகமான பெண்ணைத் தடுத்துக்கொண்டு பக்கவாட்டில் நகரப் பழக வேண்டும். சுருக்கமாக, ஆட்டத்தையே மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டும். முதல் ஆண்டு அழுகை பெரும்பாலும் இந்த வகைப் பெண்களுடையதுதான். பொறுத்தவர்கள் மூன்றாமாண்டில் கேப்டன் ஆகிறார்கள்.

கார்டுகளின் கதை வேறு. உயரம் குறைந்த, பந்தைக் கொண்டுபோகத் தெரிந்த பெண்ணுக்குப் பள்ளியிலும் அதே வேலை, இங்கேயும் அதே வேலை. அவளுக்குப் புதிது கடிகாரம். விதிப்படி எட்டு விநாடிக்குள் பாதி கோர்ட்டைத் தாண்ட வேண்டும், 24 விநாடிக்குள் ஷாட் எடுக்க வேண்டும். பள்ளிப் போட்டிகள் பலவற்றில் ஷாட் கிளாக் கருவியே வைத்திருக்க மாட்டார்கள். பேருக்கு விதி இருக்கும். தலைக்கு மேலே சிவப்பு எண்கள் ஓடுகிற கோர்ட்டில் முதல் முறை ஆடும் பெண், ஒன்று பத்தாவது விநாடியிலேயே பதறி எறிந்துவிடுவாள், இல்லையென்றால் மேலே பார்க்க மறந்து பஸ்ஸர் அடித்தபின் விழிப்பாள். இரண்டு மூன்று ஆட்டத்தில் சரியாகிவிடும். அதனால் புதுமுகங்களில் முதலில் ஆட்ட நேரம் கிடைப்பது கார்டுகளுக்கு. அதிலும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் தங்கிப் படித்தவளாக இருந்தால் கேட்கவே வேண்டாம். காலை ஐந்து மணிக்கு எழுப்ப வேண்டியதில்லை, துணி துவைக்கச் சொல்லித் தர வேண்டியதில்லை, வீட்டு நினைப்பில் சாப்பிடாமல் கிடக்க மாட்டாள். அதெல்லாம் பள்ளி நாட்களிலேயே முடிந்து போயிருக்கும்.

புதுமுகங்கள் படும் சிரமம் ஒன்றும் புதிதல்ல. கூடைப்பந்து பிறந்தது 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஜேம்ஸ் நைஸ்மித் கையில். அடுத்த ஆண்டே பக்கத்து ஸ்மித் கல்லூரியில் சென்டா பெரன்சன் என்ற ஆசிரியை அதைப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். 1893 மார்ச்சில் அங்கே நடந்த முதல் ஆட்டமே முதலாண்டு மாணவிகளுக்கும் இரண்டாமாண்டு மாணவிகளுக்கும்தான். ஆண்களுக்கு உள்ளே அனுமதியில்லை. ஆட்டத்தைத் தொடங்கப் பெரன்சன் பந்தை மேலே எறிந்தபோது அவர் கை பட்டு, முதலாண்டு அணியின் சென்டருக்குத் தோள்மூட்டு நழுவிவிட்டது. புதுமுகத்தின் பாடு அன்றைக்கே அப்படி!

இன்றைக்குப் பயப்பட வேண்டியது தோளுக்கல்ல, முட்டிக்கு. முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். நார் அறுந்துபோவது இந்த ஆட்டத்தில் பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் அதிகம். யாரும் இடித்துத் தள்ளி வருவதல்ல; பெரும்பாலும் தானாகக் குதித்து இறங்கும்போதோ, ஓடி வந்து சட்டென்று திரும்பும்போதோ வருகிறது. முட்டி உள்பக்கமாகச் சாய, கால் விறைப்பாக இருக்க, ஒற்றைக் காலில் இறங்கினால் போயிற்று. அறுவை சிகிச்சை, பிறகு ஒன்பது மாதமாவது ஓய்வு. முதலாண்டு ஆகஸ்டில் அறுந்தால் அந்தப் பெண் மறுபடி ஆடுவது இரண்டாமாண்டில்தான். பலர் திரும்புவதே இல்லை. தொடை, இடுப்புத் தசைகளுக்கு வலுவேற்றும் பயிற்சியும், முட்டியை மடக்கி இரண்டு காலில் மெத்தென்று இறங்கும் பழக்கமும் இந்த ஆபத்தைக் கணிசமாகக் குறைக்கும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் திரும்பத் திரும்ப உறுதியான விஷயம். கருவி எதுவும் வேண்டாம், வார்ம்-அப்பில் பதினைந்து நிமிடம் போதும். புதுப் பெண்களை முதல் நாளே சிமென்ட் தரையில் ரவுண்டு ரவுண்டாக ஓடவிட்டு "ஸ்டாமினா ஏத்தறோம்" என்று சொல்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. போக வேண்டும்.

ஸ்டாமினா என்றதும் இன்னொன்று. இரண்டாவது குவார்ட்டரிலேயே மூச்சு வாங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்ணை "சோம்பேறி" என்று திட்டுவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். விளையாடும் பெண்கள் இதற்கு விலக்கல்ல. வியர்வை, மாதவிடாய், அரைவயிற்றுக் காலை உணவு எல்லாம் சேர்ந்து இவர்களுக்கு இன்னும் கூடுதலாகவே இரும்புச்சத்து தேவை. ஆறு மணிப் பயிற்சிக்கு வர, கூடுவாஞ்சேரியிலிருந்து விடியுமுன் மின்சார ரயில் பிடிக்கிற பெண் வீட்டில் என்ன சாப்பிட்டிருப்பாள்? பயிற்சி முடிந்ததும் ஒரு டீ, இரண்டு பிஸ்கட், நேரே வகுப்பு. சாப்பாட்டோடு குடிக்கும் டீ இருக்கிற இரும்புச்சத்தையும் உடம்பில் சேரவிடாது. கோர்ட் ஓரத்தில் ஒரு பாத்திரம் வேகவைத்த கடலையும் அவித்த முட்டையும் வைக்கும் கல்லூரிகள் உண்டு. அந்த அணிகள் நாலாவது குவார்ட்டரில் எப்படி ஓடுகின்றன என்று கவனித்துப் பாருங்கள். வலியும் சோர்வுமான நாட்களைப் பயிற்சியாளரிடம் வாய்விட்டுச் சொல்ல முடிகிற அணிக்கும், சொல்லத் தயங்கி ஓடி மயங்கி விழுகிற அணிக்கும் உள்ள வித்தியாசமும் அங்கேதான் தெரியும். பெண் பயிற்சியாளர் இருந்தால் பாதிப் பிரச்சினை பேச்சிலேயே தீரும்.

முன்மாதிரி வேண்டுமென்றால் தூரம் போக வேண்டாம். சென்னைப் பெண் அனிதா பால்துரை 1985-ல் பிறந்தவர். இந்திய அணியின் கேப்டனானபோது வயது 19. நம் புதுமுகங்களைவிட ஓரிரு வயது கூட, அவ்வளவுதான். தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே பதினேழு, பதினெட்டு ஆண்டுகள் நாட்டுக்கு ஆடினார். ஆசியச் சாம்பியன்ஷிப்பில் மட்டும் ஒன்பது முறை. நான் பெரிதாக நினைப்பது 19 வயதுக் கேப்டன் பதவியை அல்ல. குழந்தை பெற்ற பிறகு மறுபடி ஓடிப் பழகி, 2017-ல் பெங்களூரில் கஜகஸ்தானை 75–73 என்று வென்று இந்தியா ஆசியக் கோப்பையின் மேல் பிரிவுக்கு ஏறியபோது அந்த அணியில் இருந்தாரே, அதுதான். 2021-ல் பத்மஸ்ரீ வந்தது. அவரைக் காட்டி, "நீயும் அப்படி வரலாம்" என்று ஒவ்வொரு செலக்‌ஷனிலும் யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. சொல்லட்டும். ஆனால் பதினெட்டு வயதில் பெஞ்சில் இருப்பவளுக்கு 19 வயதுக் கேப்டனைவிட முப்பது வயதில் திரும்பி வந்தவர் கதைதான் பிரயோசனம்.

கோர்ட் ஓரத்தில் நிற்கும் அப்பா அம்மாக்களின் கேள்வி வேறு. "இதுக்கு ஃபார்ம் கிடைக்குமா சார்?" ஃபார்ம் என்றால் சான்றிதழ் படிவம். மத்திய அரசு வேலைகளின் விளையாட்டு ஒதுக்கீட்டில், பள்ளிகளுக்கான தேசியப் போட்டியில் ஆடியவர்களுக்கு நான்காம் எண் படிவம், பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர்களுக்கு மூன்றாம் எண் படிவம், மாநிலத்துக்காக ஆடியவர்களுக்கு இரண்டாம் எண். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ரயில்வேக்கும் கதவு திறந்திருக்கிறது. ஆக, தென்மண்டலத்துக்குப் போகும் அந்தப் பன்னிரண்டு பேரில் கடைசி ஆளாக இருப்பதற்கும் பதின்மூன்றாவது ஆளாக இருப்பதற்கும் நடுவே ஒரு குடும்பத்தின் வரவு செலவே இருக்கிறது. பட்டியல் ஒட்டும் நாளில் துறை வாசலில் நடக்கும் வாக்குவாதங்கள், சிபாரிசு போன்கள், அழுகை எல்லாவற்றுக்கும் காரணம் இதுதான். பயிற்சியாளர்களைக் குறை சொல்பவர்கள் ஒரு முறை அந்தப் பட்டியலைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, செலவும் இல்லை: எழுதி வைப்பது. யார் எத்தனை நிமிடம் ஆடினாள், எத்தனை ரீபவுண்ட், எத்தனை முறை பந்தை விட்டாள், அவள் தடுத்த பெண் எத்தனை புள்ளி எடுத்தாள். காயம்பட்டு உட்கார்ந்திருக்கும் பெண் ஒருத்தி கையில் நோட்டைக் கொடுத்தால் எழுதிவிடுவாள். நம் கல்லூரிகளில் பெரும்பாலும் ஸ்கோர் ஷீட்டோடு சரி. அதில் புள்ளியும் ஃபவுலும்தான் இருக்கும். மற்றதெல்லாம் பயிற்சியாளர் ஞாபகத்தில். ஞாபகத்தில் புள்ளி எடுத்தவள்தான் நிற்பாள். தடுத்தவள் நிற்க மாட்டாள்.

தடுப்பவள் என்றதும் நினைவுக்கு வருவது, ஒவ்வோர் ஆண்டும் எதிர்பாராமல் அணிக்குள் வந்துவிடும் மூன்றாவது வகைப் புதுமுகம். கூடைப்பந்தே சரியாக ஆடத் தெரியாது. ஹேண்ட்பாலிலிருந்தோ 400 மீட்டர் ஓட்டத்திலிருந்தோ வந்திருப்பாள். ஹாஸ்டல் தோழி கூப்பிட்டாள் என்று சும்மா வந்தவளாகக்கூட இருக்கலாம். இடது கையால் லே-அப் போடச் சொன்னால் பந்து போர்டுக்கு மேலே போகும். ஆனால் அவளைத் தாண்டி யாரும் போக முடியாது. எதிரணியின் சிறந்த கார்டு பின்னாலேயே நாற்பது நிமிடமும் ஓடுவாள், முகம் சுளிக்க மாட்டாள். மறந்துவிட வேண்டிய பழக்கங்கள் எதுவும் அவளிடம் இல்லை. சொன்னதை அப்படியே செய்வாள். செப்டம்பரில் எதிரணிக் கார்டு சூடு பிடித்து மளமளவென்று புள்ளி எடுக்கும்போது, பயிற்சியாளர் பெஞ்சைத் திரும்பிப் பார்த்து முதலில் கூப்பிடுவது அவளைத்தான்.

ஆகவே இந்தச் சீசனுக்கு என் கணிப்பு இது. ஆகஸ்டில் முதல் ஆட்டத்தின் முதல் ஐந்து பேரில் புதுமுகம் யாரும் இருக்க மாட்டாள். இணைப்புக் கல்லூரி என்றால் ஒரு கார்டு இருக்கலாம். இரண்டாவது குவார்ட்டரில், சீனியர் ஒருத்திக்கு இரண்டு ஃபவுல் விழுந்ததும் விடுதிப் பெண் உள்ளே வருவாள், தப்பில்லாமல் ஆடிவிட்டுப் போவாள். செப்டம்பரில் ஓட்டக்காரிக்கு இடம் கிடைக்கும். நம் ஐந்தடி எட்டங்குலக்காரி அதுவரை துண்டும் தண்ணீர் பாட்டிலும் நீட்டிக்கொண்டிருப்பாள். ஊரிலிருந்து போன் வந்தால், "இன்னைக்கு ஆடுனேன்ப்பா" என்று பாதி உண்மை சொல்வாள். அக்டோபர் மழையில் பயிற்சி நின்று, உள்ளரங்கு கிடைத்த இரண்டு வாரத்தில் அவளுக்கு அந்தப் பழக்கம் மாறினால், தென்மண்டலத்தில் ஆட்டத்துக்கு எட்டு நிமிடமாவது ஆடுவாள். மாறாவிட்டால் அடுத்த ஜூலையில் பாருங்கள்.